கழுதை கோர்ட்டுக்கு வந்தது... நீதிபதி யானையிடம் போனார்!

விருதுநகர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எண்ணெய் பரோட்டா, பக்கத்திலேயே சிவகாசிப் பட்டாசு. எனக்கு இப்போதெல்லாம் லலிதா ஞாபகம்தான் வருகிறது. லலிதா ஒரு யானை! அவளை வைத்து ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை வழக்கு நடந்தது.

இந்த மாதிரி வழக்கில் வக்கீலுக்குப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கட்சிக்காரரால் வக்காலத்தில் கைநாட்டு வைக்க முடியாது. எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. ஃபீஸ்? கேட்கவே வேண்டாம்!

தலைவலி பழசுதான். 1822-ல், கால்நடைகளைக் கொடுமைப்படுத்தினால் தண்டனை என்று பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் சட்டம் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மார்ட்டின். அயர்லாந்துக்காரர், சட்டம் படித்த எம்.பி. சட்டம் போட்டதோடு மனிதர் வீட்டுக்குப் போய்விடவில்லை. லண்டன் தெருக்களில் சுற்றி, ஆளைப் பிடித்து, தானே வழக்கும் நடத்தினார். கழுதையை அடித்த ஒரு வியாபாரியின் வழக்கில், அந்தக் கழுதையையே கோர்ட்டுக்குள் கூட்டிவந்து காயங்களைக் காட்டினாராம்! குற்றவாளி ஏழையாக இருந்தால் சில சமயம் அபராதத்தை இவரே கட்டிவிடுவாராம். விசித்திரமான பிராசிக்யூஷன்!

நம் நாட்டில் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் வக்கீல் அல்ல, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. ராஜ்யசபாவில் 1953-ல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை. ஆனால், அபராதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2023-லும் முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ரெண்டு பரோட்டாவுக்கே பத்தாது!

அதனால்தான் விலங்குகளுக்காக வாதாடுகிறவர்கள் அரசியல் சட்டத்தையே கையில் எடுக்கிறார்கள். எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது 51ஏ(ஜி) பிரிவு. 1976-ல் சேர்த்தது. 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். (பிறகு 2017-ல் மெரினா, தமிழகத்தின் சட்டத் திருத்தம், 2023-ல் அதற்கு சுப்ரீம் கோர்ட்டே ஓகே சொன்னது... அது தனிக் கதை!)

லலிதாவுக்கு வருவோம். பல கை மாறியவள். கடைசியாக வைத்திருந்தவரின் பெயருக்கு உரிமையை மாற்றித்தர வனத்துறை மறுக்க, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பழகிய மனிதர்களிடமிருந்து பிரித்தால் யானை தாங்காது என்று கருதிய நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், 2020-ல் அவரிடமே விட்டார். ஈரமுள்ள தீர்ப்புதான். ஆனால், லலிதாவின் விருப்பம் என்ன என்று யாரால் கேட்க முடியும்?

2023 தொடக்கத்தில் லலிதா காயம்பட்டு விருதுநகரில் இருந்தாள். அதே நீதிபதி நேரில் போய்ப் பார்த்தார். உடம்பில் புண்கள். சிகிச்சைக்கு உத்தரவிட்டார். கோயில்களும் தனியாரும் இனி புதிதாக யானை வாங்கக் கூடாது, இருக்கிற யானைகளையெல்லாம் அதிகாரிகள் போய்ச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதெல்லாம் மற்ற யானைகளுக்கு. லலிதா அந்த வருடமே இறந்துபோனாள்.