ஒட்டுத் தெரியாத ஒட்டு: புகைப்படமும் கணினி நிழலும்

1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் பிறகு எய்ஜேன் அப்பேர் என்கிற புகைப்படக்காரர் 'கம்யூனின் குற்றங்கள்' என்ற தலைப்பில் ஒரு படவரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கம்யூன்காரர்கள் பிணைக்கைதிகளைச் சுட்டுக்கொல்கிற காட்சிகள். எதையும் அவர் நேரில் பார்த்துப் பிடிக்கவில்லை. நடிகர்களை அமர்த்தி, நிற்கவைத்துப் படமெடுத்தார். வெர்சாய் சிறைகளில் தானே எடுத்திருந்த கைதிகளின் தலைகளை வெட்டி அந்த உடல்களின்மேல் ஒட்டினார். ஒட்டியதைத் திரும்பப் படம்பிடித்தார். அவ்வளவுதான், தோற்றுப்போன ஓர் எழுச்சிக்குக் கொலைகாரனின் முகம் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் புகைப்படம் பொய் சொல்லத் தொடங்கியது என்று நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அப்பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பொய் புதிசில்லை. அப்பேரின் படத்தில் ஒட்டின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வெயிலில் எடுத்த தலை இன்னொரு வெயிலில் எடுத்த உடம்பில் சரியாக உட்காராது. அந்த விளிம்பு எப்படி, யாருடைய தேவைக்காகப் படிப்படியாக அழிக்கப்பட்டது என்பதே நாம் பேச வேண்டிய வரலாறு.

விளிம்பை மறைக்காதவர்களும் இருந்தார்கள். 1932இல் ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஹிட்லரின் நெஞ்சுக்குள் ஓர் எக்ஸ்ரே படத்தை வைத்து, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நாணயங்களை அடுக்கினார். ஒட்டியிருக்கிறது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிவதுதான் அதன் அரசியல். இரண்டு துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பார்வையாளனின் யோசனை நுழைகிறது. பிரெக்ட் மேடையில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒட்டு மறைந்துவிட்டால் யோசிக்க இடமில்லை, நம்ப மட்டுமே முடியும்.

கணினியின் கதை 1970களில் தொடங்குகிறது. 1977 வாக்கில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். இந்தப் புள்ளியைப் பொருள் எவ்வளவு மூடியிருக்கிறது, எவ்வளவு வழிவிடுகிறது என்று சொல்கிற எண் அது. ஆல்ஃபா என்று பெயர். 1984இல் லூகாஸ்ஃபில்மில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இதை வைத்து ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைப் படியவைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தினார்கள். கத்தரிக்கோல் விளிம்பு போயிற்று. ஆனால் வெளிச்சம் இன்னும் காட்டிக்கொடுத்தது.

அடுத்த அடி சினிமாவிலிருந்து வரவில்லை என்பதை நம் விமர்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1986இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் எய்ஹச்சிரோ நகாமேவும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்னும் கட்டப்படாத கட்டடத்தைக் கணினியில் வரைந்து, அது வரப்போகிற இடத்தின் புகைப்படத்துக்குள் பொருத்துகிற முறை. கேமரா எங்கே நின்றது என்பதைப் படத்திலிருந்தே கணக்கிட வேண்டும். சூரியன் இருந்த திசையைக் கண்டு நிழல் போட வேண்டும். தூரத்துப் பொருளுக்குப் பனிமூட்டம் சேர்க்க வேண்டும். ஒரு கட்டடம் வந்தால் சுற்றுப்புறக் காட்சி என்னவாகும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதற்காக இதைச் செய்தார்கள். நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் பிறந்த வேளையிலேயே நிலம், கட்டடம், அனுமதி என்கிற சொல்லாடலுக்குள் இருந்தது என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

பிறகு வந்தது கண்ணாடிக் குண்டு. சுற்றுப்புறத்தின் படத்தைப் பொருளின் மேல் பிரதிபலிப்பாகப் போர்த்தலாம் என்று 1976இலேயே ஜேம்ஸ் ப்ளின், மார்ட்டின் நியூவெல் காட்டியிருந்தார்கள். 1998இல் பெர்க்லியில் பால் டெபெவெக் இதை முழுமையாக்கினார். காட்சி நடக்கும் இடத்தில் பளபளப்பான ஓர் உலோகக் குண்டை வைக்கிறார். மேலே வானம், பக்கத்துச் சுவர், ஜன்னல், விளக்கு எல்லாம் அதில் தெரியும். ஒரே அளவு வெளிச்சத்தில் எடுத்தால் விளக்கு வெளுத்துவிடும், மூலை கறுத்துவிடும். ஆகவே ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, ஜிதேந்திர மாலிக்கோடு 1997இல் வகுத்த முறைப்படி ஒன்றாக்குகிறார். அந்த இடத்தில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்கிற முழுக்கணக்கு கையில் கிடைத்துவிடுகிறது.

அதற்கப்புறம் செய்வது இன்னும் தந்திரமானது. உலகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். தூரத்து உலகம், அது ஒளியைக் கொடுக்கும், எதையும் வாங்காது. கணினிப் பொருள். அந்தப் பொருள் நிற்கிற தரை, மேசை போன்ற பக்கத்து உலகம். பக்கத்து உலகத்தைப் பொருளோடு ஒருமுறை, பொருளில்லாமல் ஒருமுறை வரைகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அசல் புகைப்படத்தில் சேர்க்கிறார்கள். அந்த வித்தியாசம்தான் நிழல், தரையில் படிகிற மெல்லிய நிறச்சாயல். இல்லாத பொருளுக்காக இருக்கிற தரை இருள்கிறது.

ரோலான் பார்த் 1980இல், புகைப்படத்தின் சாரம் 'அது அங்கே இருந்தது' என்பதே என்று எழுதினார். எதிரிலிருந்த உடம்பிலிருந்து கிளம்பிய ஒளியே படத்தில் பதிந்தது என்பது அவர் வாதம். டெபெவெக்குக்குப் பிறகு என்ன ஆகிறது? ஒளி அங்கே இருந்தது உண்மை; நாளும் இடமும் நிஜம்; பொருள் மட்டும் இல்லை. உண்மையான சாட்சியைக் கூட்டிவந்து பொய்வழக்கில் நிறுத்துகிற மாதிரி.

சந்தைக்கு இது உடனே புரிந்தது. ஐக்கியா 2006இல் ஒரு நாற்காலியைக் கணினியில் செய்து படமாக்கியது; 2014 அளவில் அதன் பொருட்படங்களில் முக்கால்வாசி கணினியில் பிறந்தவை. நாற்காலி விற்பதில் என்ன நஷ்டம்னு கேட்கலாம். நாற்காலியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடலோரக் கிராமத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நம் நாட்டில் சுற்றுச்சூழல் அனுமதிக்கு இப்படிக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 1997இல்தான் விதி வந்தது. பந்தலில் பெரிய ஃபிளெக்ஸ். அந்த ஊர்க் கடற்கரையின் புகைப்படத்துக்குள் வரப்போகிற ஆலை. சுத்தமான வெயில், பச்சைப் புல்வெளி, புகையில்லாத புகைபோக்கி. எனக்குள் இருந்த துப்பறிவாளன் விழித்துக்கொண்டான். நிழலின் முனையையும் அதை வீழ்த்திய பொருளின் முனையையும் கோட்டால் இணைத்துக்கொண்டே போனால், ஒரே சூரியன் என்றால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்குப் போக வேண்டும், அல்லது இணையாக ஓட வேண்டும். ஹேனி ஃபாரித்தும் அவர் சகாக்களும் 2005 முதல் இப்படியான ஒளிமுரண்களைக் கொண்டு போலிகளைப் பிடித்துவந்தவர்கள். நானும் கையில் ஒரு நூலோடு படத்தின் முன் நின்றேன். ஆலையின் நிழல் ஒரு பக்கம், தென்னைகளின் நிழல் வேறு பக்கம். பெரிய வெற்றி என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மா மேடையைப் பார்த்துக் கேட்டார்: "சார், நாங்க கருவாடு காயப்போடுற மணலு எங்க சார்? அதுலதான புல்லு வெச்சிருக்கீங்க?"

மேடையில் பதில் இல்லை. என் நூல் கையிலேயே இருந்தது. நிழலைச் சரியாகப் போட்டிருந்தால் என் ஆட்சேபம் செத்திருக்கும்; அந்த அம்மாவின் கேள்வி சாகாது. மனிதக் கண் ஒளிமுரண்களைக் காண்பதில் மிக மந்தமானது என்று 2005இல் ஒஸ்ட்ரோவ்ஸ்கி, கவானா, சின்ஹா ஆகியோர் சோதனைகளில் காட்டினார்கள். கருவிகள் கண்டுபிடிக்கலாம், மறைக்கிற கருவியும் கூடவே வளரும். இன்று வார்த்தை கொடுத்தால் முழுப்படத்தையும் கக்குகிற இயந்திரங்கள் வந்துவிட்டன, அவற்றுக்குக் கண்ணாடிக் குண்டும் தேவையில்லை.

ஆகவே 'இது போலியா?' என்பதோடு நம் விமர்சனம் முடிந்தால் நாம் ஓவியரின் கவனக்குறைவை நம்பி அரசியல் செய்கிறவர்கள் ஆவோம். ஃபிளெக்ஸிலிருந்த பெரிய பொய் நிழலில் இல்லை. 'இருந்தது' என்கிற புகைப்பட மொழியில் 'இருக்கப்போகிறது' என்று சொன்னதில் இருந்தது. கேட்கத்தான் கூட்டம் என்றார்கள். படமோ எல்லாம் முடிந்துபோன காரியமாகப் பேசியது. பொருளை வைக்கும்போது நிழல் சேர்க்க மறக்காதவர்கள், அதே இடத்தில் இருந்த வலையையும் மணலையும் பெண்களையும் எடுத்தபோது ஒரு நிழலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் நூலை எடுத்துப் போகட்டும், தப்பில்லை. கூடவே ஃபிளெக்ஸ் அடிப்பதற்கு முன்னால் எடுத்த அந்தக் கடற்கரையின் அசல் புகைப்படத்தையும் மேடையில் வைக்கச் சொல்லிக் கேட்கட்டும்.