புகையின் சுவை: ஓர் எரிபொருளின் வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவின் சிங்கிள் மால்ட் விஸ்கி புகைமணத்துக்குப் பெயர்பெற்றது. சுவைப்போர் அதில் தார், கடற்பாசி, மருந்துக்கடை வாடை ஆகியவற்றை இனங்காண்பர். இன்று தனித்தன்மையாகக் கொண்டாடப்படும் இம்மணம் தொடக்கத்தில் ஒரு சுவைத் தெரிவாக இருக்கவில்லை; எரிபொருள் சார்ந்த கட்டாயத்தின் விளைவாகவே அது தோன்றியது.

மரங்கள் அரிதான அத்தீவில் எளிதாகக் கிடைத்த எரிபொருள் பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் முழுமையாக மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து உருவானது இது. வீட்டு அடுப்பில் எரிந்த பீட்டே முளைகட்டிய பார்லியை உலர்த்தும் சூளையிலும் எரிந்தது. புகையிலுள்ள பீனால், கிரெசால், குவாயக்கால் முதலிய சேர்மங்கள் ஈரத் தானியத்தின் உமியில் படிந்து, நொதித்தலையும் வடித்தலையும் கடந்து மதுவில் எஞ்சின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் பாதைகள் ஸ்பேசைடு பகுதிக்கு நிலக்கரியைக் கொண்டுசேர்த்தபின் அங்குப் புகைமணம் படிப்படியாகக் குறைந்தது. ஐலாவில் அது நிலைத்தது. இரு வட்டாரங்களின் சுவை வேறுபாட்டில் போக்குவரத்து வரலாற்றுக்கும் பங்குண்டு.

நெடுங்காலம் ஐலா மதுவின் பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்கு அழுத்தம் சேர்க்கவே பயன்பட்டது. கலப்பு விஸ்கியின் விற்பனை சரிந்தபோது அத்தீவும் பாதிக்கப்பட்டது: ஆர்ட்பெக் வடிசாலை 1981இலும் போர்ட் எலன் 1983இலும் உற்பத்தியை நிறுத்தின. சிங்கிள் மால்ட்டுக்குத் தனிச் சந்தை விரிந்த பின்னரே புகைமணம் பெருமைக்குரிய அடையாளமாயிற்று.

அப்பெருமையை எண்ணால் அளக்கும் வழக்கமும் உடன் வந்தது. பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்னும் பி.பி.எம். அளவே அது. ஆனால் பொதுவாகக் குறிப்பிடப்படும் எண், உலர்த்திய தானியத்துக்கு உரியது. கோப்பையிலுள்ள மதுவுக்கு உரியதன்று. லாகவூலின், கல் ஈலா ஆகிய இரண்டும் ஏறத்தாழ 35 பி.பி.எம். அளவுள்ள தானியத்தையே பயன்படுத்துகின்றன. எனினும் முன்னது அடர்ந்த புகையும் கனமும் கொண்டது, பின்னது மென்மையானது. செப்பு வாலையின் வடிவம், வடித்தலின் வேகம், வடிநீரை எப்போது பிரித்தெடுப்பது என்னும் முடிவு ஆகியவை இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

ஆகவே மதிப்பீட்டுக்கு மூக்கும் நாவும் இன்றியமையாதவை. வாய் குறுகிய கோப்பையில் முதலில் முகர்ந்து, சிறிது சுவைத்து, சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்வது மரபு. இம்மரபுக்கு 2017இல் சுவீடன் ஆய்வாளர்களான கார்ல்சனும் பிரீட்மனும் கணினி உருவகப்படுத்தல் வழியே ஒரு விளக்கம் அளித்தனர்: நீர் சேர்ந்து ஆல்கஹாலின் செறிவு குறையும்போது குவாயக்கால் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது. புகைமணத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடும் என்பதால், சற்று இடைவெளி விட்டே அடுத்த முடிவுக்கு வருதல் நலம்.

பெங்களூருவின் அம்ருத் ஃப்யூஷன் இவ்வரலாற்றின் இந்தியக் கிளை. இந்திய பார்லியோடு, ஸ்காட்லாந்தில் பீட் புகையூட்டிய பார்லியும் அதில் சேர்கிறது. தீவொன்றின் வறுமையில் பிறந்த மணம் இவ்வாறு விலைகொடுத்து வாங்கும் மூலப்பொருளாயிற்று. ஒரு சுவையை அதன் மண்ணின் இயல்பு என்று கூறுமுன், அம்மண்ணில் எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று வினவுதல் வேண்டும்.