தெலுக் ஆயர் வீதியில் நம்மவர் சுவடுகள்

நவீன சிங்கப்பூரின் வரலாற்றை 1819இல் சேர் ஸ்டம்போர்ட் ரபிள்ஸ் வந்திறங்கியதிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாறு தொடங்கும் நூல்கள் பலவற்றில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுவர். ஆனால் அந்நகரில் இன்றும் நிற்கும் பழைமையான கட்டடங்களுள் சில அவர்கள் எழுப்பியவை. 2018இல் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையொன்றுக்காக அங்கு பத்து நாட்கள் தங்கியபோது இதனை நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. எங்களுக்கு ஓய்வு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான். கூட வந்தவர்கள் கடைத்தெருவுக்கும் செந்தோசாத் தீவுக்கும் புறப்பட, நான் சவுத் பிரிட்ஜ் வீதிக்குப் போனேன்.

அங்கேதான் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களைப் பிரித்தானியர் தம் ஏடுகளில் ‘சூலியா’ என்றே எழுதினர். வர்த்தகராகவும் நாணயமாற்றுவோராகவும் அங்கு குடியேறிய அவர்கள், அன்சர் சாஹிபு என்பவரின் தலைமையில் 1826இல் இப்பள்ளியை நிறுவினர். இப்போதுள்ள கட்டடம் 1835இல் நிறைவுற்றது. வாயிலின் இரு மருங்கும் எண்கோண மினாராக்கள். வாயில் வீதிக்கு நேராக நிற்கிறது. உள்ளே தொழுகை மண்டபமோ கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. வாசல் நகரத்தோடும் மண்டபம் மார்க்கத்தோடும் இசைந்து நிற்பதைக் கண்டு சற்று நேரம் அங்கேயே நின்றேன். அதே வீதியில், சில அடிகள் தள்ளி, 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோவில் இருக்கிறது.

ழுஹர் தொழுதுவிட்டுத் தெலுக் ஆயர் வீதிக்கு நடந்தேன். பெயரில் குடா இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் கடல் இல்லை. ஒரு காலத்தில் இவ்வீதிதான் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை நிரப்பி நிலமாக்கியபோது கரை தள்ளிப் போய்விட்டது. ஓலைக் குடிலாக 1827இல் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல் அங்கே உண்டு. 1842இல் நிறைவுற்ற சீனரின் தியான் ஹொக் கெங் கோவிலும் உண்டு. பயணம் தப்பிக் கரையேறியவர்கள் தத்தம் வழியில் நன்றி செலுத்திய இடங்கள் இவை.

இவற்றுக்கு அருகில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இது அவர் நினைவாக எழுப்பப்பட்டது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும், மேலே சிறு மினாராக்களும் அமைந்த இக்கட்டடம் 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இயங்குகிறது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தைக் கண்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. அதே ஆண்டகை, அதே நினைவு, வங்கக் கடலின் இன்னொரு கரை. கந்தூரி பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது மார்க்க அறிஞர் பேச வேண்டியது. கப்பலேறிய ஒரு சமூகம் எங்கெல்லாம் இறங்கியது என்பதற்கு இக்கட்டடங்கள் சாட்சி என்பதை இரு சாராரும் மறுக்கமாட்டார்கள்.

இன்னொரு சாட்சி கடதாசியில் இருக்கிறது. சி. கு. மகுதூம் சாயபு 1887 முதல் சிங்கப்பூரில் நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ், விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகத்தில் நுண்படமாகப் பேணப்படுகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1882இல், கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். 1885இல் அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. கடல் கடந்த இரு நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில், ‘நேசன்’ என்ற ஒரே சொல்லைத் தாங்கி, தமிழ் முஸ்லிம்கள் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்.

இதனைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியிட்ட கருத்துக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுத நேர்ந்தது. ‘நீங்கள் எங்கிருந்து, எப்போது வந்தீர்கள்?’ என்ற கேள்வி இன்றும் வேறு வேறு உருவில் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது. கோபத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஆவணத்தால் முடியும். ஆனால் நம் அறபுத்தமிழ்க் கிதாபுகளும் கைப்பிரதிகளும் எங்கே? 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி கிழக்குக் கரையின் வீடுகளோடு அலுமாரிகளையும் கொண்டுபோனது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் உயிரைத்தான் கொண்டுவந்தனர். எஞ்சியவற்றைக் கறையான் தின்கிறது.

சிங்கப்பூருக்கு அரசும் பணமும் இருந்தன என்று சொல்லிச் சமாதானம் அடையலாம். ஆனால் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்க இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் சேர்ந்து, வீடு வீடாகப் பழைய கிதாபுகளின் பட்டியலொன்றையாவது எடுக்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பேர் இருந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியும் வேலை இது. மூத்தம்மாவின் பெட்டகத்தில் கிடப்பதை இன்று எழுதி வைக்காவிட்டால், நாளை நமக்காகப் பேச கடதாசியும் இராது, கட்டடமும் இராது.