ஹெர்ஸ்பெர்க் தாத்தாவும் ஒரு 3.8 தகராறும்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் ஒண்ணு ஃபெயில் ஆகிட்டே இருக்கு. நான் எழுதின நிரல் ஒரு எண்ணைத் தருது, டெஸ்ட் வேற எண்ணை எதிர்பார்க்குது. வித்தியாசம் ரொம்பச் சின்னது, பத்தாயிரத்துல ஒரு பங்குதான். "டாலரன்ஸைக் கொஞ்சம் ஏத்தி விடுப்பா, வீட்டுக்குப் போலாம்"னார் பக்கத்து சீட்டு அண்ணன். ஏத்தி விட்டேன். வீட்டுக்கும் வந்துட்டேன். தூக்கம்தான் வரலை.

இதே பத்தாயிரத்துல ஒரு பங்குக்காக 1960கள்ல நடந்த ஒரு தகராறு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பக்கம் நிறமாலை இயலோட பீஷ்மர்னு சொல்லத்தக்க ஒரு மனுஷர். இன்னொரு பக்கம் போலந்துக்காரங்க ரெண்டு பேர், கையில ஒரு கம்ப்யூட்டர். நடுவுல ஹைட்ரஜன் மூலக்கூறு. கொஞ்சம் இயற்பியல் வரும், பயப்படாதீங்க. பன்னிரண்டாவது கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தாலே போதும் :-)

கேள்வி இதுதான். ரெண்டு ஹைட்ரஜன் அணு சேர்ந்து ஒரு மூலக்கூறா இருக்கு. அதை மறுபடி ரெண்டு அணுவாப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேணும்? இதுக்குப் பிரிகை ஆற்றல்னு பேர். சுமார் நாலரை எலக்ட்ரான் வோல்ட். ஆனா நிறமாலை ஆட்கள் இந்த அலகுல பேச மாட்டாங்க. அவங்களுக்கு அலையெண்தான் கணக்கு, அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளத்துல எத்தனை ஒளி அலை அடங்கும்ங்கறது. அந்தக் கணக்குல நம்ம எண் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். தகராறே அந்தச் சொச்சத்துலதான்.

ஹைட்ரஜன் மேல ஏன் இவ்வளவு பேருக்குக் கண்ணு? ஒத்தை ஹைட்ரஜன் அணுன்னா ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தாள்லயே தீர்த்துடலாம், விடை அச்சு அசலா வந்துடும். இன்னொரு அணுவைப் பக்கத்துல வெச்சா கதை மாறிடுது. ரெண்டு எலக்ட்ரான், ஒண்ணை ஒண்ணு தள்ளுது. அச்சு அசலான விடை கிடையாது, தோராயம்தான். ஆனா இதைவிட எளிய நடுநிலை மூலக்கூறு உலகத்துலயே இல்லை. குவாண்டம் இயற்பியல் வேதியியலுக்கும் செல்லுபடியாகும்னு நிரூபிக்கணும்னா இங்கதான் நிரூபிக்கணும். இங்கயே உதைச்சா அப்புறம் தண்ணியாவது பென்சீனாவது.

1927ல ஹைட்லரும் லண்டனும் (லண்டன் ஊர் இல்லை, ஆள் பேரு) முதல்ல கணக்குப் போட்டாங்க. பிணைப்போட ஆழம் உண்மையில 4.75 எலக்ட்ரான் வோல்ட், அவங்க வழியில வந்தது 3 புள்ளி சொச்சம். எண்ணா பார்த்தா மோசம். ஆனா ரெண்டு அணு ஏன் ஒட்டுதுங்கற புதிர் அன்னிக்கு விழுந்துடுச்சு. 1933ல ஜேம்ஸ், கூலிட்ஜ்னு ரெண்டு அமெரிக்கர்கள் 13 உறுப்பு இருக்கற அலைச்சார்பை வெச்சு 4.72 வரைக்கும் வந்துட்டாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலம் சாமி. அந்தத் தொகையீடுகளை நினைச்சாலே எனக்கு இன்ஜினியரிங் மேத்ஸ் அரியர் கனவு வருது.

அளக்கற பக்கமும் சும்மா இல்லை. 1935ல பாய்ட்லர் 36116ன்னு ஒரு எண் கொடுத்தார், கூடவே 6 முன்னப் பின்ன இருக்கலாம்னும் சொன்னார். இந்த எண்ணை ஓரமா எழுதி வெச்சுக்கங்க.

இப்ப நம்ம ஹீரோ. கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க், 1904ல ஹாம்பர்க்ல பிறந்தவர். சின்ன வயசுல வானியல் படிக்க ஆசை. சொந்தமா சொத்து இல்லாம வானியல்ல பிழைக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, இயற்பியலுக்கு வந்துட்டார். டார்ம்ஷ்டாட்ல ஆசிரியரா இருந்தப்ப ஹிட்லர் ஆட்சி வந்தது. மனைவி லூயிஸ் யூதர், அதனால இவருக்கு வேலை போற நிலைமை. 1935ல கனடாவுல சாஸ்கடூன்ங்கற சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். நடுவுல மூணு வருஷம் அமெரிக்காவுல யெர்க்ஸ் வானாய்வகம், 1948லேர்ந்து ஒட்டாவா. அங்க தேசிய ஆய்வு மன்றத்துல அவர் கட்டி எழுப்பின கூடத்துக்கு உலகம் பூராவுலேர்ந்தும் ஆட்கள் வந்தாங்க. மூலக்கூறு நிறமாலைக்கு அவர் எழுதின தடிமனான புத்தகங்கள்தான் அந்தத் துறைக்கே பாடம். சுருக்கமா, இந்த மனுஷர் ஒரு எண்ணைச் சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.

அவர் எப்படி அளந்தார்ங்கறதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா தப்பு நுழைஞ்ச சந்து அங்கதான் இருக்கு. ஒளியை அடிச்சு ஹைட்ரஜனை நேரா ரெண்டு சாதாரண அணுவா உடைக்க முடியாது, குவாண்டம் விதிகள்ல அந்தப் பாதைக்குத் தடை. அதனால சுத்திப் போகணும். இன்னும் அதிக ஆற்றல் இருக்கற ஒளியை அடிச்சா ஒரு அணு சாதாரணமாவும் இன்னொண்ணு கிளர்ந்த நிலையிலயும் பிரியும். இதுக்கு வேண்டிய ஆற்றல் அலையெண்ல சுமார் 1,18,377. ஹைட்ரஜன் அணுவைக் கிளர்த்த எவ்வளவு ஆகும்னு ஏற்கெனவே துல்லியமாத் தெரியும், 82,259. கழிச்சா விடை.

காகிதத்துல ஈஸி. ஆனா அந்த ஒளியோட அலைநீளம் சுமார் 84.5 நானோமீட்டர். இது தொலைபுறஊதா. காத்து குடிச்சுடும், அதனால கருவி மொத்தமும் வெற்றிடத்துல இருக்கணும். கண்ணாடி, ஜன்னல் எதுவும் ஊடுருவ விடாது. இதுல ஹைட்ரஜன் வழியா ஒளியை விட்டு, போட்டோ தகட்டுல படம் பிடிச்சு, எந்த இடத்துல தனித்தனிக் கோடுகள் முடிஞ்சு தொடர் உட்கவர்வு ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும். அந்த விளிம்புதான் பிரிகை எல்லை. சிக்கல் என்னன்னா மூலக்கூறுகள் எல்லாம் சும்மா நிக்கறதில்லை, வேற வேற வேகத்துல சுத்துது. ஒவ்வொரு சுழற்சி நிலைக்கும் ஒரு விளிம்பு. மேல வேற நூத்துக்கணக்கான கோடுகள் வந்து படுத்துக்கும். கூட்டத்துல வரிசையோட கடைசி ஆள் யாருன்னு கண்டுபிடிக்கற மாதிரி.

1960ல ஹெர்ஸ்பெர்க்கும் மோன்ஃபில்லும் அளந்து வெளியிட்ட எண்: 36113.6. பிழை வாய்ப்பு 0.3தான். பாய்ட்லரோட 6க்கு முன்னாடி இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் பாருங்க.

இதே சமயம் சிகாகோவுல ஒரு கூட்டம் கம்ப்யூட்டரை வெச்சு மூலக்கூறு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தது. போலந்துலேர்ந்து வந்த வோட்ஜிமியெஷ் கோவோஸ், லூடோஸ்வாவ் வோல்னியெவிச் ரெண்டு பேரும் (பேரை நான் நாலு தடவை தட்டச்சிட்டேன், போலந்து நண்பர்கள் மன்னிக்க) ஜேம்ஸ்-கூலிட்ஜ் வழியைப் பிடிச்சு உறுப்புகளைக் கூட்டிக்கிட்டே போனாங்க. 13 எங்க, 100 எங்க. அணுக்கருவோட அசைவு, சார்பியல் திருத்தம் எல்லாத்தையும் சேர்த்தாங்க. 1964லேர்ந்து படிப்படியா மெருகேத்தி 1968ல வந்து நின்ன எண்: 36117.4.

வித்தியாசம் 3.8. ஹெர்ஸ்பெர்க் சொன்ன பிழை வாய்ப்பைப் போல பன்னிரண்டு மடங்குக்கு மேல.

சாதாரணமா இந்த மாதிரி வந்தா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? கணக்குதானே, தோராயம்தானே, இன்னும் நாலு உறுப்பு சேர்த்தா சரியாயிடும்பாங்க. இங்க அப்படிச் சொல்ல முடியலை. காரணம் மாறுபாட்டுத் தத்துவம்னு ஒரு விஷயம். இந்த முறையில எப்பேர்ப்பட்ட சொதப்பலான அலைச்சார்பைப் போட்டாலும் வர்ற மொத்த ஆற்றல் உண்மையான ஆற்றலுக்குக் கீழ போகவே போகாது. அதாவது பிணைப்போட பலத்தைக் கம்மியா மதிப்பிடலாமே தவிர அதிகமா மதிப்பிட வழி இல்லை. கணக்கு 36117.4ன்னா நிஜம் அதைவிடக் கூட இருக்கலாம், குறைய இருக்கக் கூடாது. ஆனா ஹெர்ஸ்பெர்க்கோட எண் குறைவா இருக்கு! இன்னும் உறுப்பு சேர்த்தா இடைவெளி குறையாது, கூடத்தான் செய்யும்.

ஆக மூணே வழி. ஒண்ணு, ரெண்டு பேரும் எங்கயோ கூட்டல் தப்புப் பண்ணியிருக்காங்க. ரெண்டு, குவாண்டம் இயற்பியலே இந்த அளவு துல்லியத்துல இடிக்குது. மூணு, ஹெர்ஸ்பெர்க் தப்பு. அன்னிக்கு இருந்த மதிப்புக்கு மூணாவதைச் சத்தமாச் சொல்ல ரொம்பத் தைரியம் வேணும். கம்ப்யூட்டர் கணக்கை வேதியியல்காரங்க பலர் விளையாட்டாப் பார்த்த காலம் வேற.

ஹெர்ஸ்பெர்க் என்ன பண்ணார்னா, மறுபடி அளந்தார். அவ்வளவுதான். அப்ப அவருக்கு அறுபத்தஞ்சு வயசு. இன்னும் பிரிதிறன் கூடின 10 மீட்டர் வெற்றிட நிறமாலைமானி, ஹைட்ரஜனைத் திரவ நைட்ரஜனால குளிர வெச்சார். குளிர்ந்தா மூலக்கூறுகள் கீழ் சுழற்சி நிலைகள்ல அடங்கி உட்காரும், தேவையில்லாத கோடுகள் கழண்டுக்கும், விளிம்பு தெளியும். 1970ல வெளியிட்ட விடையில ஒத்தை எண் கூடக் கொடுக்கலை. 36116.3க்கு மேல, 36118.3க்குக் கீழன்னு ஒரு வரம்பு மட்டும். போலந்து எண் கச்சிதமா நடுவுல. 1960 எண் வரம்புக்கு வெளிய.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 0.3ன்னு மார் தட்டின மனுஷர் பத்து வருஷம் கழிச்சு, ரெண்டு அகலத்துக்கு வரம்பு மட்டும்தான் சொல்ல முடியும்னு வந்து நிக்கறார். பழைய பாய்ட்லரைப் பாருங்க. 6 முன்னப் பின்னன்னு அடக்கமா சொன்ன அந்த 1935 எண்தான் 1960 எண்ணைவிட உண்மைக்குக் கிட்ட இருந்திருக்கு. (என் டெஸ்ட் விஷயத்துல தப்பு என் நிரல்லதான். மறுநாள் டாலரன்ஸை இறக்கி வெச்சுட்டுத் தேடினேன், ரவுண்டிங்ல மாட்டுச்சு.)

அடுத்த வருஷமே, 1971ல, ஹெர்ஸ்பெர்க்குக்கு வேதியியல் நோபல் கிடைச்சது. இதுக்காக இல்லை, மூலக்கூறுகளோட, முக்கியமா தனி உறுப்புகளோட அமைப்பைக் கண்டறிஞ்சதுக்காக. 1999ல 94 வயசுல காலமானார்.

அதுக்கப்புறம் போட்டோ தகடு போய் லேசர் வந்தது. 1992ல டொரண்டோவுலேர்ந்து பாலகிருஷ்ணன், ஸ்மித், ஸ்டாய்செஃப் மூணு பேரும் அதே 84.5 நானோமீட்டர் விளிம்பை லேசர் ஒளியாலயே தொட்டு 36118.11ன்னாங்க, பிழை 0.08. பாலகிருஷ்ணன்னு பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டாய்செஃப் ஒரு காலத்துல ஒட்டாவாவுல ஹெர்ஸ்பெர்க்கோட கூடத்துல வேலை பார்த்தவர்.

பிறகு விளிம்பு தேடற வழியையே கைவிட்டுட்டாங்க. ஆம்ஸ்டர்டாம், ஜூரிக் ரெண்டு ஊர்க்காரங்களும் சேர்ந்து 2009ல செஞ்சது வேற மாதிரி. மூலக்கூறை உடைக்காம, ஒரு எலக்ட்ரானை மட்டும் படிப்படியா மேல ஏத்தறது. முதல் படி ஆம்ஸ்டர்டாம்ல, ரெண்டாவது படி ஜூரிக்ல. அந்த ரெண்டாவது படியில எலக்ட்ரான் 54ஆவது நிலைக்குப் போயிடும், சாதாரணத்தைவிட சுமார் 3000 மடங்கு தூரத்துல சுத்தும். அங்கேர்ந்து கழண்டு போக எவ்வளவு மிச்சம்னு துல்லியமாத் தெரியும். மூணையும் கூட்டினா அயனியாக்க ஆற்றல். மிச்சம் நிக்கற அயனில ஒரே ஒரு எலக்ட்ரான், அதை எத்தனை தசமத்துக்கு வேணும்னாலும் கணக்குப் போடலாம். கூட்டிக் கழிச்சா பிரிகை ஆற்றல் வந்துடும். வந்தது 36118.0696, பிழை 0.0004. அதே வருஷம் வார்சா, போஸ்னான் ஆட்கள் போட்ட கணக்கு 36118.0695. போலந்துக்காரங்க விடவே இல்லை பாருங்க!

அப்புறமும் ஒரு சின்னத் தகராறு வந்தது. ரெண்டு பக்கமும் துல்லியத்தைக் கூட்டக் கூட்ட மறுபடி எண்கள் விலகிடுச்சு. இந்தத் தடவை கணக்குப் பக்கமும் ஒரு ஓட்டை இருந்தது. மின்புல குவாண்டம் திருத்தத்துல அணுக்கருக்கள் அசையறதை முழுசாச் சேர்க்கலை. சேர்த்துட்டு 2019ல ரெண்டு கட்டுரையும் அடுத்தடுத்து வந்தது. மூலக்கூறு ஒரு படி சுத்திக்கிட்டிருக்கற நிலையிலேர்ந்து அளந்த எண் (அதனால 118.5 குறைவு) 35999.582834, கணக்கு 35999.582820.

இந்தத் துல்லியத்துல இன்னொரு விஷயமும் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. புரோட்டான் ஒரு புள்ளி இல்லை, அதுக்கும் ஒரு பருமன் உண்டு. அந்தப் பருமனால இந்த ஆற்றல்ல வர்ற மாற்றம் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ். 2019 அளவீட்டோட பிழை அதுல மூணுல ஒரு பங்கு. ஹெர்ஸ்பெர்க் தவறவிட்ட 3.8ஐ இதே அலகுல சொன்னா ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் மெகாஹெர்ட்ஸ்.