குருதியோட்டக்குறை முன்பழக்கம்

குருதியோட்டக்குறை முன்பழக்கம் என்பது, இதயத் தசைக்குச் செல்லும் குருதி சில நிமிடங்கள் தடைப்பட்டு மீள்வதால், அத்தசை பின்னர் ஏற்படும் நீண்ட தடையைக் கூடுதலாகத் தாங்கும் ஆற்றலைப் பெறும் நிகழ்வு ஆகும். தடையின்போது தசைக்கு ஆக்சிசன் கிடைப்பதில்லை. நெடுநேரத் தடை உயிரணுக்களைக் கொல்லும். குறுகிய தடையோ அவற்றை எச்சரித்து ஆயத்தப்படுத்துகிறது.

கண்டுபிடிப்பு

1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லசு மர்ரி, ராபர்ட் ஜென்னிங்சு, கீத் ரைமர் ஆகியோர் இதனை விவரித்தனர். நாய்களின் இதயத் தமனி ஒன்றை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தபின் 40 நிமிடங்கள் தொடர்ந்து அடைத்தனர். மற்றொரு குழுவில் 40 நிமிட அடைப்பு மட்டும் செய்யப்பட்டது. முதற் குழுவின் இதயங்கள் மொத்தம் 20 நிமிடம் கூடுதலாகத் தடைக்கு உள்ளாகியும், அவற்றில் இறந்த தசையின் அளவு இரண்டாம் குழுவில் இருந்ததில் 25% மட்டுமே. ஆனால் இறுதி அடைப்பு 3 மணி நேரமாக நீடித்தபோது இப்பயன் காணப்படவில்லை. எனவே முன்பழக்கம் தசையிறப்பைத் தாமதப்படுத்துகிறதேயன்றி முற்றாகத் தடுப்பதில்லை.

செயற்படும் விதம்

குறுகிய தடையின்போது உயிரணுக்களிலிருந்து அடினோசின், பிராடிகைனின் முதலிய பொருட்கள் வெளியாகின்றன. இவை உயிரணு மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் இணைந்து, புரதக் கைனேசு சி போன்ற நொதிகளைத் தூண்டுகின்றன. இச்சைகை இறுதியில் இழைமணிகளைச் சென்றடைகிறது. குருதி மீண்டும் பாயும்போது இழைமணிச் சவ்வில் திறந்து உயிரணுவைச் சிதைக்கும் துளை, இதனால் எளிதில் திறவாது காக்கப்படுகிறது. மேலும், நீண்ட தடையின்போது ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறையும் வேகமும் தணிகிறது.

வகைகள்

* உடனடிப் பாதுகாப்பு: சில நிமிடங்களில் தொடங்கி, ஏறத்தாழ 1 முதல் 2 மணி நேரம் நீடிக்கும்.
* பிந்திய பாதுகாப்பு: ஏறத்தாழ 24 மணி நேரத்தின் பின் தோன்றி, 72 மணி நேரம் வரை நீடிக்கும். புதிய புரதங்கள் உருவாவதே இதற்குக் காரணம். இது 1993 இல் விவரிக்கப்பட்டது.
* தொலை முன்பழக்கம்: ஓரிடத்தில் ஏற்படும் குறுகிய தடை வேறோர் இடத்தையும் காப்பது. இதுவும் 1993 இல் அறியப்பட்டது.
* பின்பழக்கம்: நீண்ட தடை நீங்கியவுடன் தமனியைச் சில முறை விட்டுவிட்டு அடைப்பது. 2003 இல் விவரிக்கப்பட்டது.

மருத்துவப் பயன்பாடு

மாரடைப்பு எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது என்பதால், முன்பழக்கத்தை நேரடியாகப் பயன்படுத்துவது கடினம். ஆகவே, குருதியழுத்தமானிப் பட்டையால் கையை 5 நிமிடம் இறுக்கித் தளர்த்தும் எளிய தொலைமுறை ஆராயப்பட்டது. இதய அறுவை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் இதனால் பயன் தெரியவில்லை. மாரடைப்பு நோயாளிகள் 5,000க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்விலும், இதய நோய் இறப்போ இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. முதுமை, நீரிழிவு ஆகியன இப்பாதுகாப்பைக் குறைப்பதாக விலங்காய்வுகள் காட்டுகின்றன. மனிதரில் பயன் கிட்டாமைக்கு இவையும் காரணமாகலாம்.

மாரடைப்புக்கு முன் நெஞ்சுவலி கண்டவர்களிடம் தசையிழப்பு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நெஞ்சுவலியை நன்மையெனக் கருதிப் பொறுத்திருத்தல் ஆபத்தானது. முன்பழக்கம் தரும் கால அவகாசம் சிறிது. அடைப்பை விரைவில் நீக்குவதே தசையைக் காக்கும் உறுதியான வழியாகும்.