இஸ்தோரில் எஞ்சின், லயத்தில் லாம்பு

நான் வாசித்த தோட்டக் கதைகள் பெரும்பாலும் பெரட்டுக் களத்தில் தொடங்கி, நிரையில் நடந்து, லயத்தில் முடிகின்றன. விடிகாலை இருட்டு, மங்கு, கொசு, கங்காணியின் அதட்டல் எல்லாம் வரும். வாளியில் சேர்ந்த பால் அதன் பிறகு எங்கே போனது, என்ன ஆனது என்பதைக் கதை அபூர்வமாகத்தான் பின்தொடர்கிறது. அது போன இடம் ரப்பர் ஸ்டோர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் 'இஸ்தோரு'.

டவுனிலிருந்து பல மைல் தள்ளி, கித்தா காட்டுக்கு நடுவே நின்ற தகரக் கூரைக் கட்டடம் அது. மின்கம்பி வராத இடம். ஆனாலும் அதற்குள் இரும்பு உருளைகள் சுற்றின; பக்கத்திலேயே ஒரு கட்டடம் இரவும் பகலும் சூடாகவே இருந்தது. இந்தச் சக்தியும் சூடும் எங்கிருந்து வந்தன? அதே சக்தி ஏன் லயம்வரை நடந்து வரவில்லை? தோட்ட வரலாற்றில் சம்பளம், சாராயம், பள்ளிக்கூடம் பற்றி நிறைய பேசியிருக்கிறோம். வெளிச்சம் பற்றியும் ஒருமுறை கணக்குப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கம்பி எங்கே போனது

மலாயாவில் மின்சாரம் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. 1894-இல் ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் ஜெனரேட்டர் ஒன்றை நிறுவினார்கள். இந்நாட்டு மின்சார வரலாறு வழக்கமாக இங்கேதான் தொடங்குகிறது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்குக்கூட அடுத்த ஆண்டுதான் மின்விளக்கு கிடைத்தது. ஆக, இந்த நாட்டின் முதல் மின்சாரம் ஊருக்காக வந்ததல்ல. காட்டோரம் இருந்த தொழிலிடம் ஒன்று தனக்காகத் தானே செய்துகொண்டது அது. அதைச் செய்தவர்களில் ஒருவர் தமிழர். பத்துமலையையும் விக்டோரியா கல்விக்கூடத்தையும் சொல்லும்போது நினைக்கப்படும் அதே தம்புசாமி பிள்ளைதான்.

1900-இல் ரவூப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாமில் நீர்மின் நிலையம் வந்தது. பேராக் ஆற்றில் செண்டெரோ அணை 1930-இல் முடிந்தது. அதன் மின்சாரத்துக்குக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் காத்திருந்தன. கம்பி ஈயத்தையும் தங்கத்தையும் தேடிப் போனது. ஈயக்கப்பலுக்கு இரவும் பகலும் ஓயாமல் சக்தி வேண்டும். ரப்பர் ஸ்டோருக்கு அப்படி இல்லை. காலையில் சீவிய பால் வந்து சேர்ந்ததும் சில மணி நேர வேலை, அவ்வளவுதான். சிதறிக் கிடந்த தோட்டங்களுக்காக யாரும் மைல் கணக்கில் கம்பி இழுக்கப்போவதில்லை. எனவே ஒவ்வொரு தோட்டமும் தனக்கான சக்தியைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

கரியைக் குடித்த எஞ்சின்

ஸ்டோருக்கு இரண்டு தேவைகள். உருளைகளைச் சுற்ற விசை வேண்டும். ரப்பரைக் காயவைக்கச் சூடு வேண்டும். இரண்டும் தனித்தனி நெருப்பிலிருந்து வந்தன.

முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்களில் இருந்தது வாயு எஞ்சின். மூடிய அடுப்பில் கரியை அரைகுறைக் காற்றில் எரிப்பார்கள். நன்றாக எரியவிட்டால் கரியமில வாயுதான் மிஞ்சும்; காற்றைக் குறைத்தால் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். எஞ்சினின் பிஸ்டன் பின்னால் இழுக்கும்போது அந்த இழுப்பிலேயே காற்று கரியின் ஊடாகப் போய் வாயுவாக மாறும். நடுவில் தண்ணீர் சொட்டும் கோபுரம் ஒன்று அதைக் குளிரவைத்துத் தூசியைக் கழுவும். எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. காடழித்த மரமே கரியாகும். ஆபத்தும் அதிலேயே இருந்தது. வாசனையே இல்லாத அந்த வாயு எஞ்சின் அறைக்குள் கசிந்தால் ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

பின்னால் டீசல் எஞ்சின்கள் வந்தன. எது வந்தாலும் உள்ளே ஏற்பாடு ஒன்றுதான். சுவரோரம் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பட்டைகள் ஒவ்வோர் உருளைக்கும் விசையைக் கொண்டு போகும். ஓடுகிற பட்டைக்குத் தடுப்பு இல்லாத இடத்தில் சேலை முந்தானையோ கையோ மாட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ரப்பரை எந்த வடிவில் செய்வது என்பதையும் இந்தச் சக்திக் கணக்கு ஓரளவு தீர்மானித்தது. உறைந்த பாலைக் கிழித்து, கழுவி, மெல்லிய 'க்ரேப்' ஆக்குவதற்குக் கனமான உருளைகளும் வலுவான எஞ்சினும் வேண்டும். பாலைப் பலகைபோல உறையவைத்து நாலைந்து உருளைகளில் அழுத்தி 'சீட்' ஆக்க அவ்வளவு விசை தேவையில்லை. எஞ்சினே இல்லாத சின்னத் தோட்டக்காரர் கையால் சுற்றும் மேங்கிளிலேயே சீட் போட்டுவிடுவார். இலங்கை வெள்ளை க்ரேப்புக்குப் பெயர் வாங்கியது. மலாயா பெரும்பாலும் புகை போட்ட சீட்டையே உலகத்துக்கு விற்றது. மலிவான விசையும் கையெட்டும் தூரத்தில் இருந்த விறகும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நாலு நாள் நெருப்பு

என் பெரியப்பா பல வருடம் ஸ்மோக் ஹவுஸில் விறகு போட்டவர். அவர் சட்டைகளுக்குக் கடைசிவரை அந்த வாசம் போகவில்லை என்று பெரியம்மா சொல்வார்.

வேலையைச் சொன்னால் எளிதாகத் தெரியும். வடிகட்டிய பாலில் தண்ணீர் சேர்த்து, பார்மிக் அமிலம் ஊற்றி, தகடுகள் செருகிய தொட்டியில் உறையவைப்பார்கள். வெள்ளைப் பலகைகளாக எடுத்து உருளைகளில் விட்டால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலியும். கடைசி உருளை அதில் வரிவரியாகப் பள்ளம் பதிக்கும். அது அழகுக்காக அல்ல. வரி இருந்தால் பரப்பு கூடி ஈரம் சீக்கிரம் போகும். ஒரு சீட் இன்னொன்றோடு ஒட்டாது. தண்ணீர் வடிந்ததும் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு ஸ்மோக் ஹவுஸுக்குள் ஏற்றுவார்கள்.

அங்கே நாலைந்து நாள். முதல் நாள் 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, மெல்ல மெல்ல 60 டிகிரிவரை. கூரையில் திறந்து மூடும் துவாரங்கள் உண்டு. ஈரம் நிறைய இருக்கும் முதல் நாளில் திறந்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடப்படும். சூடு ஏறினால் சீட்டில் கொப்புளம் விழும். இறங்கினால் நடுவில் வெள்ளையாக ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும். முதல் தரமாகப் போக வேண்டியது மூன்றாம் தரமாகிவிடும். புகைக்கும் வேலை உண்டு. அதில் உள்ள பொருள்கள் பூஞ்சையைத் தடுக்கின்றன. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் பனைக்கொட்டைகளை எரித்த புகையில் ரப்பரைத் திரட்டியது தோட்டக்காரர்களுக்கு முன்னமே தெரியும்.

"தெர்மாமீட்டர் கிராணி பாக்கறதுக்கு வச்சிருந்தாங்கப்பா. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிராணி எங்க வரப்போறாரு? நாந்தான் எந்திரிச்சுப் போயி வெறக தள்ளணும். வெளிய வர்ற பொகைய மோந்து பாத்தாலே உள்ள எப்டி இருக்குன்னு தெரிஞ்சிரும்" என்றார் பெரியப்பா.

தொங்கும் ரப்பருக்குக் கீழே நெருப்பு. ஒரு சீட் நழுவி அடுப்பில் விழுந்தால் மொத்தக் கட்டடமும் போய்விடும். அதனால்தான் நெருப்புக் குழிக்கு மேலே கம்பி வலை போட்டார்கள். பிற்காலத்தில் அடுப்பையே சுவருக்கு வெளியே தள்ளினார்கள். இவ்வளவு முன்னெச்சரிக்கையும் ரப்பருக்காக.

எரிந்த விறகும் கித்தா மரம்தான். இருபத்தைந்து முப்பது வருடம் சீவிய பிறகு பால் வற்றிய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். வெட்டிப் போட்ட கித்தா மரத்தைச் சீக்கிரமே வண்டு அரித்துவிடும், பூஞ்சை பிடித்து நீலம் பாயும். மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை பரவும்வரை அதற்கு விறகைத் தவிரப் பெரிய மதிப்பு இல்லை. ஆக, பாலைக் கொடுத்த மரமே அந்தப் பாலைக் காயவைத்தது.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நின்றுபோனது. ரப்பருக்குச் சந்தை இல்லை, டீசல் இல்லை. லாரிகள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. ரப்பரையே காய்ச்சி வடித்து எண்ணெய் எடுத்தார்கள். மரவள்ளி தின்ற அந்தக் காலத்தை விவரிக்கும்போது எங்கள் பாட்டி பசிக்கு அடுத்தபடியாகச் சொன்னது இருட்டைத்தான். "மண்ணெண்ண கெடைக்காது. சாயங்காலமே கதவ சாத்திருவோம்."

ஏழு குதிரைத்திறன்

கணக்குக்கு வருகிறேன். ஒரு தோட்டத்தில் 100 லய வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 40 வாட் பல்பு ஒன்று. மொத்தம் 4,000 வாட், அதாவது 4 கிலோவாட். குதிரைத்திறனில் ஐந்தரை. கம்பியிலும் டைனமோவிலும் போகிற நட்டத்தைச் சேர்த்தாலும் ஏழு இருந்தால் தாராளம். க்ரேப் உருளைகளைச் சுற்றிய எஞ்சினுக்கு இது ஒரு சுமையே அல்ல. மேலும் இரவில் அந்த எஞ்சின் சும்மாதான் கிடந்தது.

துரை பங்களாவுக்கு வெளிச்சம் போனது. தனியாகச் சின்ன எஞ்சின் வைத்தோ, ஸ்டோர் எஞ்சினோடு டைனமோவைப் பட்டை மாட்டியோ போனது. பிறகு கிராணிமார் வீடுகளுக்குப் போனது. பிறகு ஆஸ்பத்திரி, கோயில் திருவிழா. லயத்துக்கு வந்தபோது மாலை ஆறு ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை என்று மணிக்கணக்கில் வந்தது. எந்தத் தோட்டத்தில் எந்த வருடம் என்பது துரைக்குத் துரை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் வரிசை மாறியதாக நான் பேசிய பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை.

"பத்து மணிக்கு ஒருவாட்டி கண்ண சிமிட்டும். அப்பறம் அஞ்சு நிமிசத்துல பொத்துனு போயிரும். அதுக்குள்ள பாயி போட்டுக்கணும்" என்றார் பெரியம்மா. பரீட்சை நாளில் பிள்ளைகள் படித்தது அதன் பிறகு லாம்பில்தான். விடியலில் மூன்றரை நாலுக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் பெண்களுக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் எஞ்சின் ஓடவில்லை.

தோட்டம் ஒதுக்குப்புறம், அதனால் மின்சாரம் இல்லை என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அரசாங்கக் கம்பிதான் தூரத்தில் இருந்தது. சக்தி கூப்பிடு தூரத்தில், இஸ்தோரில் இருந்தது. ஒரு மரத் தூணும் கொஞ்சம் கம்பியும் தினமும் சில லிட்டர் டீசலும் லயத்துக்கு ஆகும் செலவு. அந்தச் செலவு தேவையில்லை என்று யாரோ ஒருவர் கணக்குப் புத்தகத்தில் முடிவு செய்தார். லயத்து இருட்டு அந்த முடிவிலிருந்து வந்தது.

எஞ்சின் நின்றபோது

1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பி கம்பங்களுக்குள் போகத் தொடங்கியது. தோட்டமோ தனியார் நிலம். கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் கண்ணில் அது கிராமமே அல்ல. வாசலுக்கு எதிரே சடக்கைத் தாண்டிய கம்பத்தில் விளக்கு எரிந்தாலும், உள்ளே கொண்டுவரும் பொறுப்பு கம்பெனியுடையதாகவே இருந்தது.

அதே 1965-இல்தான் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டமும் வந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய புதிய முறையில் உறைந்த பாலில் சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளையில் விட்டால் அது உதிரியாக நொறுங்கும். அதை 100 டிகிரி அளவிலான உலர்த்தியில் சில மணி நேரத்திலேயே காயவைத்துவிடலாம். நாலைந்து நாள் வேலை ஒரு ஷிப்டுக்குள் அடங்கியது. இதற்குப் பெரிய ஆலை போதும். தோட்டத்துக்கு ஒரு ஸ்டோர் தேவையில்லை. பால் டாங்கர் லாரியில் ஏறி வெளியே போனது. ஸ்மோக் ஹவுஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறின. 1980-களில் கித்தா மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறத் தொடங்கியதும் விறகுக்கே விலை வந்துவிட்டது.

லய வீடுகளுக்கு மின்சாரம் தர வேண்டும் என்று தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1990-இல் சொன்னது. அந்த நேரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் கைமாறிக்கொண்டிருந்தன. என் பெரியப்பா குடும்பத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கிடைத்து மூன்றாம் வருடம் லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வாங்கிய ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் மலிவு வீட்டுக்குப் போனார்கள்.

தன் சக்தியைத் தானே செய்துகொள்ளும் தோட்டக் கட்டடம் இன்றும் இருக்கிறது. செம்பனை ஆலை தன் பழத்தின் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறது. நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் தருகிறது, பிறகு அதே நீராவி பழக்குலைகளை வேகவைக்கிறது. விசைக்கு ஒரு நெருப்பு, சூட்டுக்கு ஒரு நெருப்பு என்று இருந்த பழைய ஸ்டோரைவிட எவ்வளவோ சிக்கனமான ஏற்பாடு. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அந்த ஆலையைப் பார்க்கப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் டர்பைனின் திறனைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளர் குடியிருப்பில் இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதையும் கூடவே கேட்டுவிட்டு வாருங்கள்.