கணக்கும் கச்சேரியும்: பூந்தமல்லி வட்டாரத்தில் சிறு கையூட்டின் வரலாறு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள பாரிவாக்கம், ஏரியையும் நஞ்சையையும் நம்பி நெடுங்காலம் வாழ்ந்து, அண்மைப் பத்தாண்டுகளில் வயல்கள் மனைகளாக மாறக் கண்ட ஊர். இத்தகைய ஓர் ஊரின் கடந்த காலத்தை அரசர்களையும் கோயில்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். ஆனால், ஒருவருடைய நிலத்தைக் கணக்கில் எழுதுபவர் யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது, அவர் தவறாக எழுதினால் குடியானவர் எங்கே சென்று முறையிட முடியும் என்ற மூன்று கேள்விகளைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுத முடியும். மேலிடத்து ஊழல்கள் ஏடுகளில் பதிவாகிவிடுகின்றன. கச்சேரி என்னும் அரசு அலுவலகத்தின் திண்ணையில் கைமாறிய சிறு தொகைகளின் வரலாறோ இம்மூன்று கேள்விகளின் வழியாகவே புலப்படுகிறது.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையுள்ள மானியமாக, அளித்தபோது பூந்தமல்லியைச் சூழ்ந்த பகுதி முழுவதும் கம்பெனியின் கணக்கிற்கு உட்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இந்த ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதிய விவரங்களிலிருந்து, ஊர்க்கணக்கை எழுதிய கணக்குப்பிள்ளையும், காவல் காத்த தலையாரியும், ஏரி மதகைப் பார்த்துக்கொண்டவரும் களத்துமேட்டில் அளந்து தரப்பட்ட தானியப் பங்காகிய மேரையையும், வரி நீங்கிய மானிய நிலத்தையும் கொண்டே வாழ்ந்தனர் என்பது தெரிகிறது. சாதியும், காணியாட்சி என்னும் பரம்பரை நில உரிமையும் அழுத்திய அந்த அமைப்பை நீதியானது என்று சொல்ல இயலாது. எனினும் கணக்கருக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பதை ஊரார் அறிந்திருந்தனர் என்பதும், அது பலர் பார்க்க அளக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கவை.

கம்பெனி ஆட்சியில் இந்த வெளிப்படைத் தன்மை குலைந்தது. தமிழறியாத ஆங்கிலேய அதிகாரி, இரு மொழியும் அறிந்த துபாஷி என்னும் இடைத்தரகர் இல்லாமல் ஒரு மனுவைக்கூடப் படித்தறிய முடியாதிருந்ததால், அதிகாரியை அணுகும் வழியே விலைபோகும் பொருளாயிற்று. ஆளுநர் ஜான் ஹாலண்டின் துபாஷியாக இருந்து பெருஞ்செல்வாக்குப் பெற்ற அவதானம் பாப்பையா 1792இல் சதிக்குற்றத்திற்காக விசாரிக்கப்பட்ட வழக்கு இதற்குப் பெயர்போன சான்று. பின்னர், ஒவ்வொரு குடியானவரிடமும் அரசு நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறை வேரூன்றியபோது, ஆண்டுதோறும் ஜமாபந்தி என்னும் கணக்குத் தீர்வில் எந்த வயல் பயிரானது, எது தரிசு, எதற்குச் சாவி, அதாவது பொய்த்த விளைச்சலுக்கான தள்ளுபடி உண்டு என்பனவெல்லாம் கர்ணம் என்று அழைக்கப்பட்ட கணக்கரின் எழுத்தைச் சார்ந்தே முடிவாயின. மாவட்டத் தலைமை அலுவலகமாகிய ஹுசூர் கச்சேரிகளில் மராத்தி மொழியிலும் கணக்குகள் எழுதப்பட்டு வந்தமையால், தன் நிலத்தைப் பற்றி மேலிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் குடியானவர் படித்தறியவும் வழியில்லை. புஞ்சை என்றிருப்பதை நஞ்சை என்று எழுதாமலிருக்க ஒரு தொகை, விளையாத வயலை விளையவில்லை என்றே எழுத ஒரு தொகை என உண்மையை எழுதுவதற்கே விலை வைக்கப்பட்டது.

இந்நிலையைக் கம்பெனி அறியாமலில்லை. கோயம்புத்தூரில் மாவட்டக் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி செய்த கையாடலை 1816இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்தனர். 1822ஆம் ஆண்டின் 9ஆம் ஒழுங்குவிதி, கையூட்டுப் பெறும் கீழ்நிலை வருவாய் ஊழியர்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்குத் தந்தது. ஆனால் அதற்குமுன்பே 1816இன் 11ஆம் ஒழுங்குவிதி, வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே காவல் அதிகாரத்தையும் ஒப்படைத்திருந்தது. கேட்ட தொகையைக் கொடுக்காதவரைக் கச்சேரியில் பிடித்துவைக்கவும், அவர் புகார் செய்தால் அதை விசாரிக்கவும் ஒரே அலுவலகத்திற்கு உரிமை இருந்தது என்பதே இதன் பொருள்.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில் நிறுவிய சென்னைவாசிகள் சங்கம், வரி வசூலில் நடந்த கொடுமைகளைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு மனுவாக எழுதியது. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சேமூர் இங்கு வந்து நிலைமையை நேரில் கேட்டறிந்து சென்றார். 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855 ஏப்ரலில் தன் அறிக்கையை அளித்தது. அதில் பதிவான கருவிகளில் ஒன்று கிட்டி: ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரு குச்சிகளின் இடையே விரல்களை வைத்து, மறுமுனைகளை நெருக்கி அழுத்துவது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்தி, சில வேளைகளில் முதுகின்மேல் கல்லையும் ஏற்றுவது. கிஸ்தி என்னும் தவணை வரியில் சில ரூபாய் பாக்கிக்காக உழவர்கள் இவற்றுக்கு உள்ளாயினர்.

அரசுக்குரிய வரியை வாங்க மட்டுமின்றி, சேவகர்களும் தாசில்தார்களும் தங்களுக்கென மேற்பணம் பறிக்கவும் இவ்வன்முறையைக் கையாண்டனர் என்பது அக்குழுவின் முடிவு. இதனினும் ஆழமாக எண்ணத்தக்கது, பாதிக்கப்பட்டவர்கள் ஏன் முறையிடவில்லை என்பதற்கு அது கண்ட காரணங்களாகும். கலெக்டரிடம் செல்ல நெடுந்தொலைவு நடக்க வேண்டும். அதற்கான செலவோடு உழவும் கெடும். மனுவை ஏற்றுக்கொண்டாலும் அது விசாரணைக்காக அதே தாசில்தாரிடம் திரும்பிவந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. 1857 செப்டம்பரில் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிபியூன் ஏட்டில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதியதால், சென்னை மாகாணத்துக் கச்சேரிகளின் செய்தி அமெரிக்க வாசகர்களையும் எட்டியது.

அறிக்கைக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் நிலைத்த பயன் தந்தது, 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து காவல் துறையைப் பிரித்ததே ஆகும். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வரிபாக்கிக்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியை எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டது. கிட்டி மறைந்தது, ஆனால் கணக்கு ஒரே கையில் இருந்த நிலை மாறவில்லை. 1895ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைக் கிராமப் பதவிகளை முறைப்படுத்தி நிலைநிறுத்தியதால், கர்ணமும் ஊர்த்தலைவராகிய மணியக்காரரும் தந்தைக்குப்பின் மகன் என்ற முறையிலேயே தொடர்ந்தனர். எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அப்பதவிகளை ஒழித்து, தேர்வு வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோதுதான் பிறப்பால் வந்த அந்த அதிகாரம் முடிவுற்றது. இதற்கிடையே, கே. சந்தானத்தின் தலைமையில் ஊழல் தடுப்பை ஆராய்ந்த குழு, கோப்பு விரைவாக நகர்வதற்கென்றே பணம் தரும் வழக்கம் பரவிவிட்டதைச் சுட்டிக்காட்டி, அதற்குத் தாமதமே ஊற்று என்று விளக்கியது. தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் 1964இல் தோன்றியது.

இதே அமைப்பு நிலத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை, அயல்நாடுகளுக்கு ஆசிரியர்களாகச் சென்றவர்களின் நிலையோடு ஒப்பிட்டு அறியலாம். பேரரசர் ஹெய்லி செலாசியின் காலத்து எத்தியோப்பியாவிற்கும், 1976இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வியைத் தொடங்கிய நைஜீரியாவிற்கும் இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் சென்றனர். அயல்நாட்டு ஆசிரியர் ஒருவர் பட்டச் சான்றிதழ்களுக்கு முத்திரை பெறவும், வேலை அனுமதியையும் தங்கும் உரிமையையும் புதுப்பிக்கவும் அலுவலகம் அலுவலகமாகச் செல்ல வேண்டியவர். உள்ளூர் மொழியும் விதிகளும் முழுதாக அறியாதவர். பள்ளி திறக்கும் நாளுக்குள் தாள் கிடைக்காவிட்டால் வேலையையே இழக்கக்கூடியவர். அத்தகையவரிடம் ஒரு கீழ்நிலை எழுத்தர் கேட்கும் சிறு தொகையும், மராத்திக் கணக்கின் முன் நின்ற பூந்தமல்லி உழவரிடம் சேவகன் கேட்ட தொகையும் ஒரே காரணத்தால் விளைபவை. படித்தவர் என்பதோ ஊதியம் மிகுதி என்பதோ அவ்விடத்தில் காப்பாவதில்லை. ஹேக் உடன்படிக்கையில் இணைந்து 2005 முதல் இந்தியா நடைமுறைப்படுத்தும் அப்போஸ்டில் என்ற ஒற்றைச் சான்றொப்பம், உறுப்பு நாடுகளிடையே தூதரகம் தூதரகமாக முத்திரை பெறும் தேவையை நீக்கியதன் சிறப்பு இதில்தான் இருக்கிறது: கடக்க வேண்டிய மேசைகளின் எண்ணிக்கையை அது குறைத்தது.

இன்று பாரிவாக்கத்தில் மனை வாங்குபவர் பட்டா, சிட்டா விவரங்களைக் கணினியில் பார்க்க முடிகிறது. பார்ப்பதற்கு மட்டுமான இப்பணியில் இடைத்தரகருக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் ஒரு சர்வே எண்ணை உட்பிரிவு செய்ய நில அளவர் நேரில் வந்து அளந்தாக வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நிலப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தவும் அலுவலரின் ஆணை தேவை. ஒரு மனிதரின் முடிவுக்காக மற்றொருவர் நாள் குறிப்பிடாமல் காத்திருக்கும் இந்த இடங்களே இன்றும் கையூட்டு நுழையும் வாயில்கள்.

தண்டனை விதிகளைப் பெருக்கியதால் மட்டும் சிறு கையூட்டு எக்காலத்திலும் குறைந்ததில்லை என்பதே இந்த இரண்டரை நூற்றாண்டின் பாடம். காவலையும் வரியையும் பிரித்தபோதும், பரம்பரைப் பதவியை ஒழித்தபோதும், கணக்கை எல்லோரும் படிக்கத் திறந்துவைத்தபோதும் மட்டுமே அது பின்வாங்கியது. 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய தமிழ்நாடு, 2010இல் மத்தியப் பிரதேசம் வழிகாட்டியதுபோல, ஒவ்வொரு சான்றிதழையும் குறித்த நாளுக்குள் தருவதை அலுவலரின் சட்டக் கடமையாக்குவதும், அந்நாள் தவறினால் மனுவை அதே மேசைக்குத் திருப்பாமல் வேறொரு கையில் ஒப்படைப்பதும் 1855ஆம் ஆண்டு அறிக்கை காட்டிய குறையைத் தீர்க்கும் நேர்வழியாகும்.